தழை போட்ட வழி

2021ஆம் வருஷம், ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.12. நேரத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கட்டிவிட்ட கதை என்று பிற்பாடு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அந்த நேரத்துக்குத்தான் முதல் வாய்ஸ் மெசேஜ் வந்தது. கடைசியாக வந்தது 6.09-க்கு. மொத்தம் ஆறு. ஆறும் மெஹ்ராஜ் பேகத்தின் போனில் இன்றைக்கும் இருக்கின்றன. சந்தேகப்படுகிறவர்கள் கள்ளக்குறிச்சிக்கு வந்து கேட்டுப் பார்க்கலாம், அவள் முடியாது என்று சொல்ல மாட்டாள். ஆனால் நாலாவதிலேயே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனவர்கள்தான் ஜாஸ்தி.

நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்து போவார்கள். இது வெயில் இருக்கும்போதே நடந்தது. நடுவீட்டில், இருபத்து மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு ஆன்லைன் புத்தகக் கூட்டத்தில் நடந்தது.

மெஹ்ராஜுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அவள் புருஷன் அமீனுல்லாவுக்கு ஐம்பத்தேழு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நோட்டு, பேனா, கைடு விற்கிற கடை வைத்திருந்தார். கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடியதும் கடையும் படுத்துவிட்டது. சும்மா இருக்க முடியாத மனுஷர், கடையில் விற்காமல் கிடந்த நாற்பது பக்க நோட்டுகளை எடுத்து எழுத ஆரம்பித்தார். ஆறு மாசத்தில் ஒரு நாவல் முடிந்தது. பேர் ‘அடைபட்ட மலை’. அட்டையில் தன் போட்டோவைப் பார்த்ததும் மனுஷரின் நடையே மாறிவிட்டது. கறி வாங்கப் போகும்போதுகூட சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்துக்கொண்டு போனார்.

நாவலில் வருவது எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் நடந்த மறியல். ரோட்டோர மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டு, வட மாவட்டங்களில் பஸ் ஓடாமல் செய்த அந்த ஒரு வாரத்தில், கல்வராயன் மலையில் மாட்டிக்கொண்ட ஒருவன். அவன் பின்னால் துரத்திக்கொண்டு ஒரு கொலைகாரன். சோறு இல்லை, பஸ் இல்லை, போலீஸ் இல்லை. காட்டில் கிடைத்ததைத் தின்று, ஓடி, ஒளிந்து, தப்பித்துக் கீழே வருகிறான். அவ்வளவுதான் கதை. புத்தகம் வந்த நேரம் அதே கோரிக்கைக்காகப் போராட்டம் மறுபடியும் சூடு பிடித்திருந்தது. எந்த ரோட்டை எப்போது அடைப்பார்களோ என்று ஜனங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனாலேயே புத்தகம் கொஞ்சம் ஓடியது.

அதில் எல்லோரும் புகழ்ந்த இடம் ஒன்று உண்டு. நூற்று நாற்பத்தோராம் பக்கம். அதைப் புரிந்துகொள்ள மலையின் வழக்கம் ஒன்று தெரிய வேண்டும். ஒற்றையடிப் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், முன்னால் போகிறவர் போகக் கூடாத பாதையின் குறுக்கே பச்சைத் தழையை ஒடித்துப் போட்டுவிட்டுப் போவார். பின்னால் வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு மற்றப் பாதையில் வருவார். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். அதில் பொய் சொல்லலாம் என்று மலைக்காரர்களுக்குத் தோன்றியதே இல்லை. நாவலின் நாயகனுக்குத் தோன்றியது. சரியான பாதையில் தழையைப் போட்டுவிட்டு அவன் அதே பாதையில் இறங்கிப் போய்விடுகிறான். துரத்தி வந்தவன் தழையை நம்பி மற்றப் பாதையில் போய்ப் பள்ளத்தில் விழுந்து சாகிறான்.

அதைப் படித்தபோது மெஹ்ராஜும்தான் கைதட்டினாள். “இதெல்லாம் எப்பிடிங்க உங்களுக்குத் தோணுது?” என்று கேட்டாள். அமீனுல்லா சிரித்துக்கொண்டார்.

அவள் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்ததே பெரிய விஷயம். மலை என்ற பேச்சே அவளுக்கு ஆகாது. பதினெட்டு வயதில் அவளுக்கு நிச்சயம் செய்திருந்தது சுஐபை. சுஐபும் அமீனுல்லாவும் அத்தை மகன், மாமன் மகன். இரண்டு பேரும் சேர்ந்து கடுக்காய் வாங்க மலைக்குப் போனார்கள். அது அதே எண்பத்தேழு செப்டம்பர், அதே மறியல் வாரம். பஸ் நின்றுபோனது. இரண்டு பேரும் நடந்தே கீழே இறங்கினார்கள். வந்து சேர்ந்தது அமீனுல்லா மட்டும். காட்டாறு சுஐபை அடித்துக்கொண்டு போய்விட்டது, கண்ணால் பார்த்தேன், தேடிப் பிரயோஜனமில்லை என்று சொல்லி அழுதார். பிணம் கிடைக்கவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து மெஹ்ராஜை அவருக்கே கட்டி வைத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒரு தடவை அவள் கேட்டாள்: “அவரு ரொம்பக் கஷ்டப்பட்டாராங்க?” அமீனுல்லா சொன்னார்: “இல்ல மெஹ்ராஜ். ஒரு நொடிதான். வலி தெரியறதுக்குள்ளயே போயிட்டான்.”

அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தினாள். இது உண்மை. அவளே சொன்னது.

இனி கூட்டத்துக்கு வருவோம்.

திருக்கோவிலூரில் மணிமொழி என்று ஒரு டீச்சர். மாசத்துக்கு இரண்டு ஞாயிறு ஆன்லைனில் புத்தகக் கூட்டம் நடத்துவார். அவர் வைத்த சட்டங்கள் இரண்டு. எழுத்தாளர் கடைசியில் ஏற்புரை சொல்லும்வரை வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் வாசகர்கள் மனசு விட்டுப் பேச மாட்டார்கள் என்று டீச்சரே அவருடைய மைக்கை மூடி வைத்துவிடுவார். இரண்டாவது, சிக்னல் சரியாகக் கிடைக்காத ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் மெசேஜ் போடலாம். டீச்சர் அதைத் தன் போனில் ஓடவிட்டு எல்லோருக்கும் கேட்க வைப்பார். கரியாலூர்ப் பக்கம் ரேஷன் கடையில் வேலை செய்கிற காசிநாதன் எப்போதும் அப்படித்தான் கலந்துகொள்வார்.

அன்றைக்கு அமீனுல்லா அஸர் தொழுதுவிட்டு வந்து, முன் அறையில் போனை ஸ்டாண்டில் நிறுத்தி உட்கார்ந்தார். மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கீழே பழைய கைலி. பின்னால் தெரியட்டும் என்று கடையிலிருந்து கைடுகளைக் கொண்டுவந்து, கைடு என்று தெரியாதபடி பின்புறமாகத் திருப்பி அடுக்கியிருந்தார். மெஹ்ராஜ் சமையலறையில் மொச்சைக்காய் உரித்தபடி, காதில் இயர்போனுடன், தன் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்தது. அங்கிருந்து பார்த்தால் புருஷனின் பாதி முதுகு தெரியும்.

ஐந்து மணிக்குக் கூட்டம் ஆரம்பித்தது. முதலில் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அஜித்குமார் பேசினான். நூற்று நாற்பத்தோராம் பக்கத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாடினான். அமீனுல்லா அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

5.12. குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ்.

“நம்ம காசிநாதன் நம்பர்தான்,” என்று மணிமொழி டீச்சர் ஓடவிட்டார்.

முதலில் தண்ணீர் ஓடுகிற சத்தம். கல்லில் மோதி ஓடுகிற ஓடை. பிறகு கரகரத்த ஒரு குரல்.

“வணக்கம்ங்க. எனக்கு ஒரு சந்தேகம். அந்தத் தழ... அது இன்னா மரத்துத் தழ? எழுத்தாளரு எழுதலியே.”

அவ்வளவுதான். இருபது விநாடி.

“காசிநாதனுக்குச் சளி பிடிச்சிருக்கு போல, குரலே மாறிக் கிடக்குது,” என்றார் டீச்சர். திருநாவலூரில் இருந்து பேசிக்கொண்டிருந்த ராஜாங்கம், ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர், “புங்கன் தழையா இருக்கும், வேற இன்னா?” என்று சிரித்தார். கூட்டம் மேலே போனது.

மெஹ்ராஜின் கையில் மொச்சைக்காய் பாதி உரித்தபடி நின்றது. ‘சந்தேகம்’ என்று சொன்னபோது அந்த ‘ச’வில் ஒரு காற்று. மெல்லிய விசில் மாதிரி. முன்பல் பாதி உடைந்தவர்களுக்குத்தான் அப்படி வரும். யாரோ தெரிந்த ஆள் இப்படிப் பேசுவாரே என்று யோசித்தாள். பிடிபடவில்லை.

5.23. இரண்டாவது.

இப்போது ஓடைச் சத்தம் இல்லை. காய்ந்த சருகின் மேல் நடக்கிற சத்தம். ஒரு கால் ஊன்றுகிறது. இன்னொரு கால் இழுபடுகிறது. சரக்... இழுவை. சரக்... இழுவை.

“புங்கன் இல்லீங்க. கடுக்கா மரத்துத் தழ. ஒடிச்ச எடத்துல ஈரம்கூட காயல. நா தொட்டுப் பாத்தேன்.”

“அட, நாம பேசுறது அவருக்குக் கேக்குதா?” என்றான் அஜித்குமார்.

டீச்சர் கூட்டத்தில் இருக்கிறவர்களின் பட்டியலைப் பார்த்தார். காசிநாதன் இல்லை. “யாராவது போன்ல சொல்லியிருப்பாங்க,” என்றார். ராஜாங்கத்துக்கு ஒரே சந்தோஷம். “இன்னா ஈடுபாடு பாருங்க! செத்தவனாவே மாறிப் பேசுறாரே! எழுத்தாளருக்கு இத விட இன்னா வேணும்?” என்றார். நாலைந்து பேர் திரையில் கை தட்டும் படம் போட்டார்கள்.

மெஹ்ராஜ் முன் அறையை எட்டிப் பார்த்தாள். திரையில் அமீனுல்லா சிரித்த முகமாக இருந்தார். மேஜைக்குக் கீழே அவருடைய இரண்டு கையும் கைலியைச் சுருட்டிப் பிடித்திருந்தன.

5.34. மூன்றாவது.

பெரிய தண்ணீர்ச் சத்தம். மதகிலிருந்து கொட்டுகிற சத்தம். மலை அடிவாரத்துக் கோமுகி அணையைப் பார்த்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். பதினோரு நிமிஷத்துக்கு முன்னால் காட்டுக்குள் காலை இழுத்து நடந்தவன் இப்போது அணையில் நிற்கிறான்.

“செருப்பு அறுந்து என் காலு சுளுக்கிக்கிச்சி. நீ முன்னால போ, நா மெதுவா வரேன், பிரியற எடத்துல தழ போட்டு வய்யின்னு சொன்னது நாந்தான். அத ஏன் எழுதல... மச்சான்?”

பக்கங்கள் புரளும் சத்தம் மட்டும்.

“அந்த வரி எந்த அத்தியாயத்துல வருது?” என்று டீச்சர் கேட்டார்.

“என் புக்ல இல்லையே டீச்சர்,” என்றான் அஜித்குமார். “கொலைகாரன் எப்படி மச்சான்னு கூப்பிடுவான்?”

மெஹ்ராஜுக்கு இப்போது பிடிபட்டுவிட்டது. பன்னிரண்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் உடைந்தவன். நிச்சயத்தன்று கூட்டத்தில் அவளைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரித்தவன். முப்பத்து மூன்று வருஷம் ஆகியும் அந்தக் குரலுக்கு வயது ஆகவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது. அவள் எழுந்து அணைக்கவில்லை.

5.46. நாலாவது.

பஸ் ஹாரன். கண்டக்டர் கூவுகிறார்: “கள்ளக்குறிச்சி, கள்ளக்குறிச்சி, கள்ளக்குறிச்சி!” அது கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டு. அணையைத் தாண்டி அடுத்த ஊர்.

“பக்கத்தத் தேடாதீங்க. அது புக்ல இல்ல. நா பள்ளத்துல உழுந்தேன். சாவல. கால் எலும்பு முறிஞ்சி போச்சி. கத்துனேன். மேல நீ நடந்து போற சத்தம் கேட்டுது. நின்ன. கேட்டுட்டு... போயிட்ட.”

கொஞ்ச நேரம் ஹாரன் சத்தம் மட்டும்.

“காட்டாறு அடிச்சிக்கினு போயிடுச்சின்னு சொன்னியே. எந்த ஆறு மச்சான்? அந்த வருசம் மழையே இல்ல. ஆத்துல காலு நனையாது.”

உண்மைதான். எண்பத்தேழில் மழை பொய்த்திருந்தது. மலையாள் ஒருவரைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். ஊரில் யாரும் கேட்கவில்லை. அழுதுகொண்டு வந்த பையனிடம் போய், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று யார் கேட்பார்கள்?

திரையில் அமீனுல்லாவின் வாய் திறந்து திறந்து மூடியது. கையை ஆட்டினார். ஏதோ கத்தினார். மைக் மூடியிருந்தது.

“சார் அவசரப்படுறாரு,” என்றார் டீச்சர். “ஏற்புரையில சொல்லலாம் சார். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் கூட்டத்தில் கடைசிச் சிரிப்பு.

5.58. ஐந்தாவது.

மைக் செட்டில் போராட்டக் கோஷம். கரும்பு டிராக்டர் ஒன்று தடதடவென்று போகிறது. வடக்கனந்தல். இங்கிருந்து பதின்மூன்று கிலோமீட்டர்.

“இன்னாத்துக்கு செஞ்ச? ஒரு பொண்ணுக்கு. எனக்கு நிச்சயம் பண்ண பொண்ணுக்கு. கேட்டிருந்தா... பேசியிருக்கலாமே மச்சான். என்னைத் தேடக் கெளம்புனவங்களயும் நீதான் நிறுத்துன.”

டீச்சர் போனைக் கவிழ்த்து வைத்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. “இது நல்லா இல்ல. காசிநாதன் குடிச்சிருக்காரோ என்னவோ. இனிமே வந்தா நான் போட மாட்டேன். மன்னிச்சிடுங்க சார்,” என்றார்.

மெஹ்ராஜ் எழுந்து போய் முன் அறை வாசலில் நின்றாள். அமீனுல்லா திரும்பிப் பார்த்தான். ஆமாம், பார்த்தான். இனிமேல் அந்த ஆளுக்கு என்ன ‘அவர்’ வேண்டிக் கிடக்கிறது?

“பொய்யி மெஹ்ராஜ்,” என்றான். “எவனோ வெளயாடுறான்.”

அவள் நாலாவதில் அந்தக் குரல் சொன்னதை ஒரு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். நின்ன. கேட்டுட்டு போயிட்ட.

6.09. ஆறாவது.

டீச்சர் சொன்னபடியே அதைப் போடவில்லை. ஆனால் மெசேஜ் குழுவுக்கு வந்தது. மெஹ்ராஜின் போனுக்கும் வந்தது. அவள் இயர்போனைக் காதிலிருந்து பிடுங்கினாள். போனைப் புருஷனின் முகத்துக்கு நேராக நீட்டினாள். முழுச் சத்தம் வைத்தாள்.

“வேணாம்,” என்றான் அவன்.

அவள் அமுக்கினாள்.

பாங்கு.

பொழுது சாய்ந்ததும் சொல்கிற மஃரிப் பாங்கு. அவர்கள் தெருப் பள்ளிவாசல் மோதினாரின் குரல். இரண்டாவது வரியில் ஒரு இருமல். அதற்குப் பின்னால்... மிகப் பக்கத்தில்... மூச்சு.

“மெஹரு.”

அவளை அப்படிக் கூப்பிட்டவன் ஒருவன்தான்.

“வந்துட்டேன்.”

இழுபடும் கால். ஒரு தடவை. இரண்டு தடவை.

“மச்சான். நா பட்ட நாளு அத்தினியும் நீ படணும். ஒண்ணுகூட கம்மி ஆவக் கூடாது. வா.”

மெசேஜ் முடிந்தது.

அமீனுல்லா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மெஹ்ராஜும் பார்த்தாள். 6.10. வெளியே ஒரு சத்தமும் இல்லை. மஃரிப் பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது.

6.11.

6.12.

6.13.

6.14-க்குப் பள்ளிவாசல் மைக் கரகரத்தது. பாங்கு ஆரம்பித்தது.

இரண்டாவது வரியில்... மோதினார் இருமினார்.

அமீனுல்லா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். கைலியோடு, அதே வெள்ளைச் சட்டையோடு, ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். “விழுப்புரம் போறேன். அக்கா வூட்டுக்கு,” என்று வாசலில் கத்தினான். வண்டி கிளம்பிய நேரம் 6.16.

மேஜையில் போன் அப்படியே நின்றது. மணிமொழி டீச்சரின் குரல் வந்தது: “இப்போ எழுத்தாளரோட ஏற்புரை. சார், உங்க மைக்கத் திறந்துட்டேன். பேசலாம்.”

காலி நாற்காலியை இருபத்து மூன்று பேர் பார்த்தார்கள்.

6.31-க்கு மெஹ்ராஜின் போன் அடித்தது.

“மெஹ்ராஜ்... நாலு ரோட்டுல நிக்கிறேன். ஒரு ஆளு இல்ல. கட எல்லாம் சாத்திக் கெடக்குது.”

மூச்சு வாங்கினான்.

“ரோட்டுக்குக் குறுக்க தழ போட்டிருக்கு. விழுப்புரம் ரோட்டுல. சேலம் ரோட்டுலயும். வந்த வழியிலயும் இப்ப கெடக்குது. வரும்போது இல்ல.”

“மறியலா இருக்கும்,” என்றாள்.

“மறியல் பண்ண ஆளு வேணாமா? கடுக்கா தழ மெஹ்ராஜ். பச்சையா இருக்குது. டவுன்ல ஏது கடுக்கா மரம்? கச்சிராயபாளையம் ரோடு மட்டும்தான் சும்மா கெடக்குது... நா இன்னா செய்ய? தழ மேலயே ஏத்திக்கினு வந்துடட்டுமா?”

அவள் யோசித்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்டால், ‘ஒரு நொடிதான்’ என்று சொல்வாள். ஏத்திக்கொண்டு வாங்க என்று அவள் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை போதும். வீடு வந்து சேர்ந்திருப்பான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

“தழ கெடந்தா அந்த வழியில போவக் கூடாதுங்க. நீங்கதான எழுதினீங்க?”

அந்தப் பக்கம் அவன் அழுவது கேட்டது.



பிறகு... ஸ்கூட்டரின் பின் சீட்டு அழுந்துகிற சத்தம். யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி.

வண்டி கிளம்பியது. போன் கட்டானது.

மெஹ்ராஜ் மஃரிப் தொழுதாள். மிச்சம் இருந்த மொச்சையை உரித்து முடித்தாள். எட்டு மணிக்குச் சோற்றை ஒரு தட்டில் போட்டுச் சாப்பிட்டாள்.

மறுநாள் திங்கள்கிழமை காலை 7.20-க்குக் கரியாலூருக்கு மேலே ஆடு மேய்க்கப் போனவர்கள் அவனைப் பார்த்தார்கள். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்துக்குக் கீழே, பள்ளத்தில் கிடந்தான். உயிர் இல்லை. ஸ்கூட்டர் மேலே ஸ்டாண்டு போட்டு ஒழுங்காக நின்றது. அந்தப் பாதையில் ஸ்கூட்டர் ஏறாது என்று எல்லோரும் சொன்னார்கள். நாலு ரோட்டுக் கடைக்காரர்களைப் போலீஸ் விசாரித்தது. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் நல்ல கூட்டம், கடை எல்லாம் திறந்துதான் இருந்தது, தழையும் இல்லை மறியலும் இல்லை என்றார்கள். காசிநாதனைக் கேட்டார்கள். அவருக்கு அந்தப் புத்தகமே இன்னும் வந்து சேரவில்லை. போன் பத்து நாளாக ரீசார்ஜ் இல்லாமல் கிடந்திருக்கிறது. கூட்டம் நடந்ததே அவருக்குத் தெரியாது.

இதெல்லாம் இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பரிசோதித்த டாக்டர் மெஹ்ராஜைத் தனியாகக் கூப்பிட்டார். சின்ன வயது டாக்டர். அவர் குரலில் கோபம் இருந்தது.

“எத்தனை நாளாம்மா இவரக் காணோம்? ஏன் புகார் கொடுக்கல?”

“நேத்து சாயந்தரம் ஆறேகாலுக்குத்தான் சார் வூட்ட விட்டுப் போனாரு.”

“பொய் சொல்லாதீங்க.”

“இருபத்து மூணு பேரு பாத்தாங்க சார். அஞ்சு மணியிலேர்ந்து போன்லதான் உக்காந்துக்கினு இருந்தாரு.”

டாக்டர் அவளையே பார்த்தார். பிறகு துணியை விலக்கிக் காட்டினார். நேற்று மழுமழுவென்று சவரம் செய்திருந்த முகத்தில் தாடி மண்டியிருந்தது. கன்னம் ஒட்டிப் பல் வெளியே வந்திருந்தது. விலா எலும்பை எண்ணலாம். பத்து விரலிலும் நகம் பிய்ந்து போயிருந்தது. வலது கால் எலும்பு முறிந்து, புண் பழுத்து, பழசாகியிருந்தது.

“வயித்துல மண்ணும் மரப்பட்டையும்தான் இருந்துச்சு,” என்றார் டாக்டர். “இது ஒரு ராத்திரியில ஆகுறது இல்லம்மா. பட்டினி கிடந்து கொஞ்சம் கொஞ்சமா செத்திருக்காரு. பத்து நாளுக்குக் குறையாது.”

“எத்தினி நாளு சார்?”

“பத்து. ஒரு நாள் ரெண்டு நாள் கூட இருக்கலாம். கம்மி இருக்காது.”

மெஹ்ராஜ் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புருஷனுக்காக அழுகிறாள் என்று நர்ஸ் ஓடிவந்து பிடித்தாள்.

நா பட்ட நாளு அத்தினியும், ஒண்ணுகூட கம்மி ஆவாமல்.

அவள் எண்ணிக்கொண்டிருந்தது வேறு. எண்பத்தேழில், சுஐப் போய்விட்டான் என்று சேதி வந்த ஏழாம் நாள், அவள் வீட்டில் அவனுக்காக ஃபாத்திஹா ஓதினார்கள். தெருவில் தேக்சா வைத்து நெய்ச்சோறும் கறியும் ஆக்கி ஊரையே உட்கார வைத்தார்கள். அமீனுல்லாதான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பந்தி பரிமாறினான். மெஹ்ராஜ் ஆறு நாளாகத் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. போனவனுக்கு நல்லது, சாப்பிடு என்று எல்லோரும் வற்புறுத்தினார்கள்.

அவள் சாப்பிட்டாள். அன்றைக்கு சுஐப் உயிரோடு இருந்தான்.